பெட்டி முன்னே, பயணி பின்னே

ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் உண்டு. விமானத்தைத் தவறவிட்டால், கூடுதல் பணம் கொடுத்தாவது அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம். உல்லாசக் கப்பல் அப்படிப்பட்டதன்று. குறித்த நேரத்தில் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அடுத்து அது நிற்கும் இடம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். பயணிக்கே காத்திராத கப்பல், பயணியின் பெட்டிக்காகவா காத்திருக்கப் போகிறது? நானும் என் மனைவியும் இதை அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் கற்றுக்கொண்டோம்.

டாலஸ் நகரில் எங்கள் மகள் வசிக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, எங்களை அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பயணம் அனுப்பிவைத்தாள். சியாட்டிலுக்கு நேரடி விமானம் இருந்தது. 90 டாலர் மிச்சமாகிறது என்று டென்வரில் மாறும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். கப்பல் கிளம்பும் நாளன்று காலையிலேயே புறப்பட்டால் விடுதிச் செலவும் மிச்சம் என்று தீர்மானித்தவனும் நான்தான். முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவனின் சிக்கனம் அது.

நாங்கள் இருவரும் சியாட்டில் சேர்ந்தோம். என் பெட்டியும் சேர்ந்தது. மனைவியின் பெட்டி டென்வரில் நின்றுவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அது வந்துவிடும் என்று விமான நிறுவனத்தின் ஊழியர் கனிவாகச் சொன்னார். கப்பலோ மாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிடும்.

மறுநாள் முழுவதும் கடல். மூன்றாம் நாள் ஜூனோ. அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரமான ஜூனோவுக்கு வெளியுலகிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லையேல் கப்பலில். பெட்டியை அங்கே அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவும் செய்தார்கள். நாங்கள் ஜூனோவை விட்டு நீங்கிய மறுநாள் காலையில் அது ஜூனோவில் இறங்கியது. அதன்பிறகு பெட்டி கப்பலைத் துரத்துவதை நிறுத்திக்கொண்டு டாலஸுக்குத் திரும்பி, எங்களுக்கு முன்பாகவே மகள் வீட்டை அடைந்தது.

மாத்திரைகள் தற்செயலாகக் கைப்பையில் இருந்தன. குளிராடைகளும், மனைவியின் முழங்கால் பட்டையும் பெட்டிக்குள் இருந்தன. ஜூனோவில் ஒரு தடித்த மேலாடை வாங்கினோம். முழங்கால் பட்டைக்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை. ஜூனோவுக்கு அருகில் மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்க எல்லாரும் பாதையில் நடந்து சென்றபோது, அவர் பேருந்து நிற்கும் இடத்திலிருந்தே பார்த்துவிட்டு அமர்ந்துகொண்டார். விமான நிறுவனம் பிறகு மேலாடையின் விலையைத் தந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; 2025 ஜனவரியிலிருந்து அது ஒரு பயணிக்கு 4,700 டாலர். ரசீது உள்ள இழப்புக்கே அந்தத் தொகை. பனியாற்றுக்கு ரசீது கிடையாது.

சென்ற ஆண்டு மீண்டும் அதே பயணத்துக்கு மகள் ஏற்பாடு செய்தபோது, 'இந்த முறை பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவிடலாம், அப்பா' என்றாள். அப்படி ஒரு சேவை இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அது இயங்கும் விதம் எளியது. கப்பலின் பெயர், புறப்படும் நாள், அறை எண் ஆகியவற்றை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். முகவரிச் சீட்டை அனுப்பிவைப்பார்கள். அதனுடன் கப்பல் நிறுவனம் தரும் அடையாளச் சீட்டையும் பெட்டியில் கட்ட வேண்டும். சில நாள்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துச் செல்வார்கள். அது துறைமுக நகரில் ஒரு முகவரிடம் காத்திருந்து, கப்பல் கிளம்பும் நாளன்று முனையத்தில் ஒப்படைக்கப்படும். அங்கே மற்றப் பெட்டிகளைப் போலவே ஊடுகதிர்ச் சோதனை முடிந்து, மாலைக்குள் அறை வாசலுக்கு வந்துவிடும்.

இத்தகைய நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்த லாரியோ விமானமோ கிடையாது. ஃபெடெக்ஸ், யுபிஎஸ், டிஎச்எல் போன்ற பெரிய கூரியர் நிறுவனங்கள்தாம் பெட்டியைச் சுமக்கின்றன. அப்படியானால் நாமே கூரியரில் அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்கலாம். கப்பலில் உள்ள பயணியின் பெயருக்கு வரும் பொட்டலத்தைக் கையெழுத்திட்டு வாங்க முனையத்தில் யாரும் இருப்பதில்லை. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று கவனித்து, கப்பல் வரும் நாளில் சரியான ஆளிடம் சேர்ப்பிப்பதுதான் இடைநிலை நிறுவனம் விற்கும் சரக்கு. சுமப்பதற்கான கூலி அதில் ஒரு பகுதி மட்டுமே.

கட்டணத்தைக் கேட்டதும் நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். இரு பெட்டிகளுக்கு ஒரு வழிக்கு 310 டாலர். விமானத்தில் கொண்டுபோனால் இரண்டுக்கும் சேர்த்து 80 டாலர். ஆக, கூடுதல் செலவு 230 டாலர். இதற்கு ஈடாகத் தவிர்க்கப்படும் இழப்பு எவ்வளவு? விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்கும் 'சீட்டா' நிறுவனம் ஆண்டுதோறும் இது பற்றிப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2007-ஆம் ஆண்டில் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறின. 2024-இல் அது 6.3 ஆகக் குறைந்துவிட்டது. பெட்டி தவறிய பயணத்தின் இழப்பை, மனவருத்தத்தையும் சேர்த்து, தாராளமாக 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நிகழ்தகவால் பெருக்கினால் ஒருவருக்கு 19 டாலர், இருவருக்கு 38. முப்பத்தெட்டு டாலர் இழப்பைத் தவிர்க்க 230 டாலர் கொடுப்பதாக ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதியிருந்தால், சிவப்பு மையில் சுழித்திருப்பேன். விமானம் மாறும் இடங்களில்தான் பெட்டிகள் அதிகம் பின்தங்குகின்றன என்பதால் நிகழ்தகவை மூன்று மடங்காக்கிப் பார்த்தேன். அப்போதும் 114 டாலர்தான்.

இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இதில் பெட்டியைத் தூக்குவது யார்?' என்றார்.

அவருக்கு இடையில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. எனக்கு வலது தோள்பட்டையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாது. பேனாவை வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ணினேன். வீட்டு வாசலில் காருக்குள், விமான நிலையத்தில் காரிலிருந்து தள்ளுவண்டிக்கு, அங்கிருந்து எடை இயந்திரத்துக்கு, இறங்கியபின் சுழலும் பட்டையிலிருந்து தரைக்கு, வாடகைக் காருக்குள், விடுதி வாசலில் காரிலிருந்து கீழே, மறுநாள் மீண்டும் காருக்குள், துறைமுகத்தில் மீண்டும் கீழே. ஒரு பெட்டிக்கு எட்டு முறை. பெட்டியின் எடை 23 கிலோ வரை. இரண்டு பெட்டிகள். சில இடங்களில் உதவிக்கு ஆள் கிடைப்பார். சுழலும் பட்டையருகே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கேரி பெக்கர் 1965-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரு பொருளை நுகர நாம் கொடுப்பது அதன் விலை மட்டுமன்று, நமது நேரமும் உழைப்பும்தான் என்பது அதன் சாரம். அதை நடத்தியவன்தான் என் கணக்கில் அந்த எட்டு முறையையும் விலையில்லாத வேலையாக எழுதாமல் விட்டிருந்தேன். வீட்டில் பெட்டி அடுக்குவதும், எதை எடுத்துச் செல்வது என்று நினைவில் வைத்திருப்பதும் எப்போதும் அவர் வேலையாக இருந்துவந்தது. அதுவும் என் கணக்கில் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒருகாலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. என் பெரியப்பா பினாங்கிலிருந்து 'ரஜுலா' கப்பலில் ஊர் திரும்பும்போது இரண்டு தகரப் பெட்டிகளுடன் வருவார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணுகாது; தொலைவில் நிற்கும். பெட்டியும் ஆளும் படகில் வர வேண்டும். ஆனால், தூக்கக் கூலியாள்கள் இருந்தார்கள், கூலியும் மலிவு. விமானங்களிலும் நெடுங்காலம் பெட்டிக்கான செலவு பயணச்சீட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கு 15 டாலர் வசூலிக்கத் தொடங்கியது, மற்றவை பின்தொடர்ந்தன. பெட்டிக்குத் தனிக்கட்டணம் இல்லை என்பதையே விளம்பரமாக்கிக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே மாத இறுதியில் வழிக்கு வந்துவிட்டது. இலவசமாக இருந்தவரை ஒப்பிட எதுவும் இல்லை. விலை தனியே தெரியத் தொடங்கியதும், 'இதைவிட நல்ல வழி உண்டா' என்று பயணி யோசிக்கத் தொடங்கினார்.

இதை அன்றாட வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு ஜப்பான். 1976 ஜனவரியில் யமாட்டோ நிறுவனம் 'தக்யூபின்' என்ற வீட்டுக்கு வீடு பொட்டலச் சேவையைத் தொடங்கியபோது முதல் நாள் கிடைத்தவை 11 பொட்டலங்கள். 1983-இல் பனிச்சறுக்குக் கட்டைகளையும் 1984-இல் கோல்ஃப் மட்டைகளையும் பயணிக்கு முன்பாகவே கொண்டுசேர்க்கத் தொடங்கியது. அடுத்து விமான நிலையங்கள். இன்று யோகோஹாமாவில் கப்பல் ஏறும் ஜப்பானியர், வீட்டிலிருந்தே பெட்டியை அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயிலில் வரலாம். அமெரிக்கக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஒரே தெருவில் அன்றாடம் நூறு பொட்டலங்களுக்காகச் செல்லும் வண்டி, நூற்றோராவதாக ஒரு பெட்டியை ஏற்றிக்கொள்ள அதிகம் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதே பெட்டிக்காகத் தனியே ஒருவர் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது.

பெட்டி தவறும் அச்சத்துக்காக மட்டும் இந்தச் சேவையை வாங்குவதை இப்போதும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அச்சத்துக்கு மலிவான மருந்துகள் உண்டு. நேரடி விமானத்தில் செல்லலாம். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே துறைமுக நகருக்குப் போய்விடலாம். இதைவிடச் சிறந்த காப்பீடு கிடையாது. கணவன் துணியில் பாதியை மனைவியின் பெட்டியிலும், மனைவி துணியில் பாதியைக் கணவன் பெட்டியிலும் வைத்தால், ஒன்று தவறினாலும் இருவரும் சமாளிக்கலாம். முந்தைய இரவு தங்கும் விடுதியின் முகவரிக்கு, விடுதியிடம் கேட்டுக்கொண்டு, சாதாரணக் கூரியரில் அனுப்புவதும் நடக்கும். சில விடுதிகள் சிறு கட்டணம் கேட்கும். தூக்க முடியாதவர்களுக்குத்தான் அந்த 230 டாலர் நியாயமான விலை.

அனுப்புவதாக முடிவு செய்தால் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். 'உரிய நேரத்தில் சேர்ப்போம், உத்தரவாதம்' என்ற சொற்களுக்குப் பின்னால், சேராவிட்டால் என்ன தருவார்கள் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதற்கும், மாற்றுடை வாங்கத் தொகை தருவதற்கும் வேறுபாடு பெரிது. பணம், நகை, கடவுச்சீட்டு, மருந்து எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. கப்பல் எந்த நாட்டிலிருந்து புறப்படுகிறது என்பதும் முக்கியம். அலாஸ்கா கப்பல்கள் சியாட்டிலிலிருந்தும் கனடாவின் வான்கூவரிலிருந்தும் கிளம்புகின்றன. சியாட்டில் என்றால் டாலஸிலிருந்து பெட்டி உள்நாட்டிலேயே செல்கிறது. வான்கூவர் என்றால் எல்லை தாண்ட வேண்டும். உள்ளே உள்ளவற்றின் பட்டியல், கடவுச்சீட்டின் நகல், சுங்கத்துக்காகக் கூடுதல் நாள்கள் எல்லாம் தேவைப்படும்.

முன்கூட்டி அனுப்பினால் கப்பலின் தடைகளிலிருந்து தப்பலாம் என்று நினைப்பதும் தவறு. தீவிபத்து அச்சத்தால் இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, மெழுகுவத்தி ஆகியவற்றைக் கப்பல்கள் அனுமதிப்பதில்லை; வீட்டில் சமைத்த உணவையும் ஏற்பதில்லை. சென்ற முறை எங்கள் அறைக்குப் பெட்டிக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பாதுகாப்பு அலுவலர் அறைக்குப் போனால், மனைவி பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்த சிறிய இஸ்திரிப் பெட்டி மேசைமீது இருந்தது. பெயரெழுதி வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவதாகச் சொன்னார்கள்.

திரும்பும் வழி இவ்வளவு சுகமன்று. கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டால் ஊழியர்கள் கரைக்குக் கொண்டுசெல்வார்கள். ஆனால், காலையில் முனையத்தில் அதை நாமே அடையாளம் கண்டு எடுத்து, சுங்கத்தைக் கடந்த பிறகே அனுப்பும் நிறுவனத்தின் ஆளிடம் ஒப்படைக்க முடியும். அவர் நிற்கும் இடத்தை முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

நாங்கள் கடைசியில் ஒரு பெட்டியை மட்டுமே அனுப்பினோம், மனைவியுடையது. என்னுடையதைப் பிடிவாதமாக நானே இழுத்துச் சென்றேன். ஜூனோவில் அவர் கைத்தடியுடன் பனியாற்றின் காட்சிமேடைவரை மெல்ல நடந்தார். நான் தோளில் வலிநிவாரணத் தைலம் மணக்கப் பின்னால் நடந்தேன். அடுத்த முறை இரண்டையும் அனுப்பிவிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.