குழாய்க்குள் குடியிருக்கும் கிருமி

கோடை விடுமுறை வந்ததும், தில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் வாழும் நம்மவர் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுவது வழக்கம். புறப்படுமுன் எரிவாயுவை மூடுகிறோம், மின்விசையை நிறுத்துகிறோம், அண்டை வீட்டாரிடம் சாவியை ஒப்படைக்கிறோம். மாடித் தொட்டியிலும் குளியலறைக் குழாயிலும் தங்கிவிட்ட தண்ணீரைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதம் ஒன்று கழித்துத் திரும்பி வரும்போது, பல குடும்பங்களில் வயது முதிர்ந்த தாயாரோ மாமனாரோ உடன் வருகிறார்கள். பிரயாணக் களைப்புத் தீர அவர்களைத்தான் முதலில் குளிக்கச் சொல்கிறோம். ஆகவே, ஒரு மாதம் தேங்கிக் கிடந்த நீர் முதன்முதலில் அவர்கள்மீதே பொழிகிறது. அந்த நீரில் என்ன வாழக்கூடும் என்பதே நாம் இங்கு ஆராயப்போகும் பொருள்.

தண்ணீரால் வரும் நோய் என்றவுடன் காலராவும் டைபாய்டும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை மனிதக் கழிவு நீரில் கலப்பதால் வருபவை. வாய்வழியே உடலினுள் புகுபவை. காய்ச்சிய நீரைக் குடித்தால் அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் இவற்றினின்று வேறுபட்ட மற்றொரு வகைக் கிருமிகள் உண்டு. அவை ஆற்றிலும் ஏரியிலும் இயற்கையாகவே சொற்ப அளவில் வாழ்பவை. நகராட்சி நீருடன் ஒன்றிரண்டாக நம் வீட்டுக்குள் நுழைந்து, நமது தொட்டியிலும் குழாயிலுமே பல்கிப் பெருகுகின்றன. அவை நம்மைத் தாக்குவது வாய்வழியே அன்று, மூச்சின் வழியே. இவ்வகையில் முதன்மையானது லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா.

இப்பெயர் வந்த வரலாறு கேட்கத்தக்கது. 1976-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெல்வியூ-ஸ்ட்ராட்போர்டு என்ற புகழ்பெற்ற ஓட்டலில், 'அமெரிக்கன் லீஜியன்' என்னும் முன்னாள் போர்வீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. கலைந்து வீடு சென்றவர்களுள் பலர் கடும் நிமோனியாவில் வீழ்ந்தனர். ஓட்டலின் அருகே நடந்து சென்றவர்களையும் அந்நோய் விடவில்லை. மொத்தம் 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். பன்றிக் காய்ச்சலோ, நிக்கல் என்ற உலோகத்தின் நஞ்சோ என்றெல்லாம் ஐயுற்று மாதக்கணக்கில் தேடினர்; ஒன்றும் அகப்படவில்லை. அவ்வாண்டின் இறுதி நாட்களில், அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் மக்டேட் என்ற விஞ்ஞானி, முன்பே பார்த்து ஒதுக்கிய கண்ணாடித் தகடுகளை மீண்டும் நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். முன்னர்ப் பொருட்படுத்தாது விட்ட சில கோல்வடிவக் கிருமிகள் அங்கே தென்பட்டன. 1977 ஜனவரியில் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் பழைய சேகரிப்புகளைத் துழாவியபோது, 1947-இலேயே ஒருவர் இக்கிருமியைப் பிரித்தெடுத்தும் இன்னதென்று அறியாமல் விட்டது தெரியவந்தது. கிருமி புதிதன்று, அது தழைப்பதற்கு ஏற்ற வெதுவெதுப்பான நீர்த்தொட்டிகளும் நீரைத் தூவும் கருவிகளும் பெருகியதுதான் புதிது.

பிலடெல்பியாவில் ஓட்டலின் குளிர்சாதன அமைப்பிலிருந்து கிருமி பரவியதாகக் கருதப்பட்டது. அதன்பின் ஆராய்ந்ததில், சாதாரண வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளிலும் ஷவர்களிலும் இதே கிருமி காணப்பட்டது. அங்கு அது வாழும் விதம் வியப்பூட்டுவது. எந்தக் குழாயின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாலும் ஒரு வழுவழுப்பு விரலில் ஒட்டும். அது அழுக்கு மட்டுமன்று. நுண்ணுயிர்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட குடியிருப்பு. நீரிலுள்ள குளோரின் அந்தப் படலத்தினுள் எளிதில் ஊடுருவுவதில்லை. குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆனால் வெயிலில் காயும் தொட்டியில் நாட்கணக்கில் நீர் நின்றால் அதுவும் மறைந்துவிடுகிறது.

அப்படலத்தை மேய்வதற்கு அமீபா என்ற ஓரணு உயிர் வருகிறது. அது மற்றக் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும். லீஜியோனெல்லாவை விழுங்கினால் மட்டும் கதை மாறிவிடுகிறது. உண்ணப்பட்ட கிருமி அமீபாவின் வயிற்றிலேயே வளர்ந்து, பெருகி, அதனைப் பிளந்துகொண்டு வெளிப்படுகிறது. இதனை 1980-இல் ரௌபாதம் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். நமது நுரையீரலிலும் காவல் புரியும் அணுக்கள் உண்டு. அவையும் அமீபாவைப் போலவே கிருமிகளை விழுங்கி அழிப்பவை. தொட்டியில் பழகிய வித்தையை லீஜியோனெல்லா அங்கும் காட்டுகிறது. காவலனின் வயிற்றிலேயே கள்வன் வளர்கிறான்.

இனி உஷ்ணத்தின் பங்கைப் பார்ப்போம். 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இக்கிருமி உயிரோடிருக்குமேயன்றிப் பெருகாது. 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு உகந்த சூழ்நிலை. 60 டிகிரியில் இரண்டொரு நிமிடங்களில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்துவிடும். வட நாட்டுக் கோடையில் மாடித் தொட்டியே அதற்கு ஏற்ற இடம். குளிர்காலத்தில் தொட்டி நீர் குளிர்ந்துவிட, அடைக்கலம் தருவது கீசர். மின்சாரச் செலவுக்கு அஞ்சிச் சிலர் கீசரின் திருகை 40, 45 டிகிரியில் வைக்கிறார்கள். சிலர் காலையில் பத்து நிமிடம் போட்டு அணைத்துவிடுகிறார்கள். அடியில் சுண்ணாம்பும் துருவும் படிந்த பாத்திரத்தில் நாள் முழுதும் இளஞ்சூட்டு நீர் நிற்கிறது. குளிப்பதற்குப் பதமான சூடு கிருமிக்கும் பதமானதே.

ஆகவே கீசரில் நீர் 60 டிகிரிக்குச் சூடேற வேண்டும். அதில் ஓர் அபாயமும் உண்டு. அந்தச் சூட்டு நீர் சில விநாடிகளிலேயே தோலை வேக வைத்துவிடும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இது சிறு விஷயமன்று. வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதன்மேல் வெந்நீரை விளாவிக் கொள்வதே தக்க முறை. நம்முடைய வாளிக்கும் செம்புக்கும் வேறொரு சிறப்பும் உண்டு. ஷவர் நீரை நுண்திவலையாகச் சிதறடிக்கிறது. மூச்சோடு ஆழ்ந்து செல்பவை அத்திவலைகளே. செம்பில் மொண்டு ஊற்றும்போது அவை மிகக் குறைவு. நாகரிகம் என்று நாம் நீக்கிய பழக்கங்களில் இது நீக்கத் தகாதது என்பது என் கருத்து. சமையலறையில் ஆயிரக்கணக்கில் செலவிட்டு வடிகட்டி பொருத்துகிற நாம், குளியலறை ஷவரின் துளைகளை ஆண்டுக்கொரு முறையேனும் கழற்றித் தேய்ப்பதில்லை.

ஊரிலிருந்து திரும்பிய நாளன்று என்ன செய்யலாம்? மாடித் தொட்டியை வடித்துக் கழுவிப் புதுநீர் நிரப்பவேண்டும். கீசரை முழுச் சூட்டுக்கு ஏற்றி, ஒரு மணி நேரமேனும் அப்படியே விடவேண்டும். ஷவர்த் தலையை நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி அல்லது துணியால் நன்கு சுற்றி, ஜன்னலைத் திறந்துவைத்துக் குழாயைத் திறக்கவேண்டும். பழைய நீர் போகும்வரை அறையைவிட்டு வெளியே நிற்பது நல்லது. இதனை வீட்டிலுள்ள திடகாத்திரமானவர் செய்யட்டும். பிறகே பெரியவர்கள் குளிக்கலாம். கூலரில் நீர் ஆவியாகிக் குளிர்வதால் அச்சம் குறைவே. எனினும் பூட்டிய வீட்டில் அதனை நீரோடு விடலாகாது, கொசுவும் அங்குதான் முட்டையிடும். உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி வைத்திருப்போர், அதில் குழாய் நீரை ஊற்றாமல் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும்.

உடல்நலமுள்ள பெரும்பாலோரை இக்கிருமி தீண்டினாலும் ஒன்றும் செய்வதில்லை. ஐம்பது வயது கடந்தோர், புகைபிடிப்போர், நீரிழிவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளோர் ஆகியோரையே பெரிதும் வருத்துகிறது. நிமோனியாவாக முற்றினால் பத்தில் ஒருவர் அளவில் உயிரிழக்கின்றனர். கிருமி புகுந்து இரண்டு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் கடும் ஜுரம், இருமல், மூச்சுத் திணறல், சில வேளை வயிற்றுப்போக்கும் மனத்தடுமாற்றமும் காணும். பென்சிலின் இனத்து மருந்துகள் இதில் பயன் தருவதில்லை, கிருமி அணுக்களின் உள்ளே ஒளிந்திருப்பதால். அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை உள்ளே சென்று தாக்கும். சிறுநீரைச் சோதித்து நோயைக் கண்டறிய வழியுண்டு. ஆனால் நம் நாட்டில் அச்சோதனை எல்லா மருத்துவமனையிலும் வழக்கமாகச் செய்யப்படுவதன்று. எனவே முதியவருக்கு இத்தகைய ஜுரம் கண்டால், பூட்டிக் கிடந்த வீட்டில் சில நாட்களுக்கு முன்புதான் வந்து தங்கினார், அங்குள்ள ஷவரில் குளித்தார் என்ற செய்தியை மருத்துவரிடம் நாமாகவே சொல்லவேண்டும்; அவர் கேட்கும்வரை காத்திருக்கலாகாது.