6 ஹெச்பியா, 9.9 ஹெச்பியா? டிரெய்லர் பாய்மரப் படகுக்கு இன்ஜின் தேர்வு

இந்த எபிசோடுக்கு ஒரு நேயர் கேள்வியை எடுத்துக்கிட்டேன். சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கிற ஒருத்தர் பழைய கேடலினா 22 பாய்மரப் படகு ஒண்ணு வாங்கப்போறார். படகு நல்லா இருக்கு, இன்ஜின் மட்டும் இல்லை. கடையில் 6 ஹெச்பி இருக்கு, 9.9 ஹெச்பியும் இருக்கு. "பெருசாவே வாங்கிட்டா சேஃப்தானே?" என்று கேட்கிறார்.

இதுக்கு "ஆமாம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனால் அது தப்பான பதில். ஏன் என்பதுதான் இன்னிக்கு எபிசோடு.

முதலில் படகைப் பத்திக் கொஞ்சம். டிரெய்லர் பாய்மரப் படகு என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கிட்டுப் போய், சரிவில் இறக்கி, பாய்மரத்தை நிமிர்த்தி ஓட்டுகிற சின்னப் படகு. கேடலினா 22-ஐ ஃபிராங்க் பட்லரின் கம்பெனி கலிஃபோர்னியாவில் 1970 வாக்கில் விற்க ஆரம்பிச்சது. இதுவரை 15,000-க்கும் மேல் செஞ்சிருக்காங்க. தூக்கி இறக்கக்கூடிய கீல் உள்ள மாடல் சுமார் 1,020 கிலோ. பாய்தான் இதன் உண்மையான இன்ஜின். பின்பக்கம் மாட்டுற அவுட்போர்டு, துறைக்குள்ளே நுழைய, வெளியே வர, காத்து செத்துப்போனா வீட்டுக்குத் திரும்ப. அவ்வளவுதான் அதுக்கு வேலை.

படகுக்கு ஒரு வேக வரம்பு இருக்கு

ஸ்பீடு போட்டில் பெரிய இன்ஜின் மாட்டினால் படகு எழும்பித் தண்ணீருக்கு மேலே வழுக்கிப் போகும். கேடலினா மாதிரிப் படகு அப்படி எழும்பாது. தண்ணீரைத் தள்ளிக்கிட்டேதான் போகணும். தள்ளும்போது ஓர் அலை உண்டாகும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் ஒரு முகடு படகின் முன்முனையிலும் அடுத்த முகடு பின்முனையிலும் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தில் படகு உட்கார்ந்திருக்கும். அதுக்கு மேலே வேகம் வேணும்னா படகு தன்னோட அலை மேலேயே ஏறணும்.

இதுக்கு ஒரு சின்ன ஃபார்முலா உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். கேடலினா 22-க்கு அந்த நீளம் சுமார் 19.3 அடி. வர்க்கமூலம் 4.4. பெருக்கினால் 5.9 நாட். மணிக்கு 11 கிலோமீட்டர்தான். நிதானமா சைக்கிள் மிதிக்கிற வேகம்.

இது கல்லில் செதுக்கின எல்லை இல்லை. ஆனால் இதை நெருங்க நெருங்க, ஒவ்வொரு கால் நாட் கூடுதல் வேகத்துக்கும் தேவைப்படும் சக்தி தாறுமாறா ஏறும். 6 ஹெச்பி எடுத்துட்டு 9.9 மாட்டினால் வேகம் ஒன்றரை மடங்கு ஆகாது. சத்தமும் பெட்ரோல் செலவும்தான் கூடும்.

அப்போ எத்தனை ஹெச்பி?

படகுக்காரங்க பரவலா வச்சிருக்கிற ஒரு தோராயக் கணக்கு: ஒரு டன்னுக்கு 4 ஹெச்பி. படகு ஒரு டன். நாலு பேர், நங்கூரம், பெட்ரோல், குடிதண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்தா ஒன்றரை டன்னை நெருங்கும். ஸோ, 6 ஹெச்பி.

அமைதியான தண்ணீரில் இதில் பாதிகூடத் தேவைப்படாது. மீதி எதுக்கு? எதிர்க்காத்துக்கு. காத்தோட வேகம் இரண்டு மடங்கு ஆனா, அது படகைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கோடைக்கால மதியங்களில் 20 நாட்டுக்கு மேல் காத்து அடிக்கிறது சகஜம். காலையில் 5 நாட் காத்தில் சிரிச்சுக்கிட்டே வெளியே போன படகு, மதியம் 20 நாட் காத்துக்கு எதிரா திரும்பி வந்தா, 16 மடங்கு விசையைத் தாங்கணும். இன்ஜினை வாங்கும்போது கணக்குப் பண்ண வேண்டியது அந்த மோசமான பத்து நிமிஷத்தை வச்சுத்தான்.

ஏற்காடு ஏற நாலாவது கியர் வேண்டாம்

ஹெச்பி இருந்தா மட்டும் போதாது, அது தண்ணீருக்குப் போய்ச் சேரணும். அந்த வேலையைச் செய்றது ப்ரொப்பல்லர். அதில் பார்க்க வேண்டிய எண் 'பிட்ச்'. ஒரு திருகாணி மரத்துக்குள்ளே ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதே மாதிரி ப்ரொப்பல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறணும்னு சொல்ற கணக்கு அது.

ஒரு உதாரணம். இன்ஜின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று. கியர் அதைப் பாதியாக்கி ப்ரொப்பல்லருக்கு 2,500 சுற்று கொடுக்குதுன்னு வைங்க. 8 அங்குல பிட்ச் என்றால், வழுக்கலே இல்லாட்டி அது 16 நாட் வேகத்துக்கான ப்ரொப்பல்லர். நம்ம படகோ 6 நாட்டுக்கு மேல் போகாது. பைக்கில் நாலாவது கியரை விடாம ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினா எப்படி முக்கும்? அதே கதைதான். இன்ஜின் முழுச் சுற்றுக்கு வரவே வராது. முழுச் சுற்று வரலைன்னா முழு ஹெச்பியும் வராது. காசு கொடுத்து வாங்கின 6 ஹெச்பியில் ஒரு பகுதி சும்மா கிடக்கும்.

பிட்சை 6 அங்குலமாகக் குறைச்சா அந்தக் கணக்கு 12 நாட்டுக்கு இறங்கும். இன்ஜின் இன்னும் சுலபமா சுத்தும், தள்ளுவிசை கூடும், ரிவர்ஸில் பிரேக் பிடிக்கிறதும் நல்லா இருக்கும். 'ஹை த்ரஸ்ட்' என்று விற்கிற இன்ஜின்களில் இந்த மாதிரி ப்ரொப்பல்லரோ, கியரில் இன்னும் அதிகக் குறைப்போ, இரண்டுமோ இருக்கும். டொஹாட்ஸு நிறுவனம் பாய்மரப் படகுக்குன்னே விற்கிற 6 ஹெச்பி 'செயில் ப்ரோ' இந்த வகைதான்.

இன்னொரு விஷயம். டொஹாட்ஸுவின் 4, 5, 6 ஹெச்பி மூணுக்கும் அடிப்படை ஒரே 123 சிசி ஒற்றை சிலிண்டர்தான். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அந்த வரிசைக்குள்ளே 4-க்குப் பதில் 6 எடுத்தா நஷ்டம் பணம் மட்டும்தான். 6-லிருந்து 9.9-க்குத் தாவுறது அப்படி இல்லை. அதை எடைக்கு வரும்போது பார்க்கலாம்.

ஷாஃப்ட் நீளம்: எல்லாரும் கோட்டை விடுற இடம்

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, இதை வச்சுக்கோங்க.

அவுட்போர்டு ஷாஃப்ட் பொதுவா 15, 20, 25 அங்குலம் என்று மூணு நீளத்தில் வரும். இன்ஜினை மாட்டும் இடத்திலிருந்து ப்ரொப்பல்லருக்குச் சற்று மேலே இருக்கும் தட்டையான தகடு வரைக்கும் உள்ள தூரம் அது. அந்தத் தகடு, மேலே இருக்கும் காத்தை ப்ரொப்பல்லர் உறிஞ்சிக்காமல் தடுக்கும். அந்தத் தகடே வெளியே வந்துட்டா? ப்ரொப்பல்லர் காத்தைக் குடிக்கும், இன்ஜின் ஊளையிடும், படகு நின்ன இடத்திலேயே நிற்கும். கூலிங் தண்ணீரும் கீழே இருந்துதான் வருது என்பதால், அது தொடர்ந்தா பம்ப்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லரும் காலி.

இது எப்போ நடக்கும்? துறைக்குப் பக்கத்தில், பாயை இறக்க ஒருத்தர் முன்முனைக்குப் போவார். கடற்கரை ஊர்களில் அணியம்னு சொல்ற இடம். 22 அடிப் படகில் 70 கிலோ ஆள் அணியத்துக்குப் போனா பின்பக்கம் தூக்கும். அதே நேரத்தில் ஓர் அலை வந்தா இன்னும் தூக்கும். பாய் இல்லாம, இன்ஜினை மட்டும் நம்பியிருக்கிற அந்த நிமிஷத்தில்தான் இன்ஜின் கைவிடும். பக்கத்தில் பாறை இருந்தா இது ஜோக் இல்லை.

அளக்கிறது சுலபம். படகைத் தண்ணீரில் விட்டு, ஒருத்தரை அணியத்தில் நிற்க வச்சு, இன்ஜின் பிராக்கெட்டை முழுசா கீழே இறக்கி, அதிலிருந்து தண்ணீர் வரைக்கும் டேப் வச்சுப் பாருங்க. 12 அங்குலம் வருதுன்னு வைங்க. 15 அங்குல ஷாஃப்ட்டில் தகடு 3 அங்குல ஆழத்தில் இருக்கும், 20-இல் 8, 25-இல் 13. பின்பக்கத்தை ஒரு அடி தூக்குற அலையில் தாக்குப்பிடிக்கிறது 25 மட்டும்தான். இங்கே 25 அங்குல ஷாஃப்ட் உள்ள 6 ஹெச்பி, 15 அங்குல ஷாஃப்ட் உள்ள 9.9-ஐ அடிச்சுத் தூக்கிடும்.

நீளமான ஷாஃப்ட்டுக்கு ஒரு குறை உண்டு. பாயில் ஓடும்போது இன்ஜினைச் சாய்ச்சுத் தூக்கினாலும் நுனி தண்ணீரில் இழுபடலாம். அதனால் பிராக்கெட் மேலேறும் தூரத்தையும் சேர்த்துப் பாருங்க. கேடலினா 22-இல் சுக்கான் பின்சுவரிலேயே வெளியே தொங்கும். இன்ஜினைத் திருப்பும்போது ப்ரொப்பல்லர் அதில் இடிக்குதான்னும் பார்க்கணும்.

நம்ம ஊர்க் காசிமேட்டு ஃபைபர் படகுகளில் டீசல் இன்ஜினிலிருந்து நீளமா ஒரு தண்டு பின்னால் போகுமே, அதைப் பார்த்திருப்பீங்க. கரையிலிருந்து அலையைத் தாண்டும்போது ப்ரொப்பல்லரை வெளியே தூக்கணும், தாண்டினதும் ஆழத்தில் இறக்கணும். அங்கேயும் ப்ரொப்பல்லர் எங்கே இருக்கு என்பதுதான் கேள்வி.

எடை

6 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் சுமார் 26 கிலோ. ஒரு ஆள் தூக்கிக் காரில் வச்சிடலாம். 9.9 ஹை த்ரஸ்ட் 45 கிலோவைத் தாண்டும். அதை ஆடுற படகின் கடைசி முனையில் குனிஞ்சு தூக்குறது முதுகோட விளையாடுற வேலை. டிரெய்லர் படகில் இது முக்கியம். ரோட்டில் குலுங்கும்போது பிராக்கெட்டுக்குச் சிரமம் வேண்டாம்னு நிறைய பேர் இன்ஜினைக் கழட்டித்தான் கொண்டுபோவாங்க. எடை கூடினா பின்பக்கமும் அமிழும், பாயில் வேகம் குறையும். வருஷம் முழுக்க அந்த 20 கிலோவைச் சுமக்கிறது பாய்தான்.

பேட்டரி இன்ஜின் ஓகேவா?

ஏரின்னா தாராளமா. டொர்கீடோ டிராவல் 1103 என்ற மாடல் 1,100 வாட் எடுக்கும், பேட்டரி 915 வாட் மணி. வகுத்துப் பாருங்க, முழு வேகத்தில் சுமார் 50 நிமிஷம். பாதி சக்தியில் ஓட்டினா நேரம் இரட்டிப்பாகும். சத்தம் இல்லை, கார்புரேட்டர் இல்லை. அமெரிக்காவில் மாசக்கணக்கா நிறுத்தி வச்ச படகில், எத்தனால் கலந்த பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைக்கிறது தீராத தலைவலி. அது இங்கே கிடையாது. ஆனால் விரிகுடாவில் அந்த மோசமான பத்து நிமிஷம் ரெண்டு மணி நேரமா நீண்டா, பெட்ரோல் கேனை மாத்துற மாதிரி இதை நிரப்ப முடியாது.

இன்ஜினால் ஜெயிக்க முடியாத ஒண்ணு

கோல்டன் கேட் பாலத்துக்குக் கீழே ஓதம் இறங்கும்போது நீரோட்டம் 4 நாட்டைத் தாண்டும். நம்ம படகின் உச்சம் 5.9. எதிர்த்து வந்தா கரையைப் பொறுத்து 2 நாட்கூட மிஞ்சாது, மனுஷன் நடக்கிறதைவிட மெதுவு. அங்கே 9.9 மாட்டினாலும் இதே கதிதான், ஏன்னா வரம்பு படகோட நீளத்தில் இருக்கு. அங்கே உதவுறது ஓத அட்டவணை. மூணு மணி நேரம் காத்திருந்தா அதே நீரோட்டம் உங்களை உள்ளே தள்ளிவிடும்.

ஸோ, நம்ம நேயருக்கு என் பதில்: 6 ஹெச்பி, 25 அங்குல ஷாஃப்ட், குறைந்த பிட்ச் ப்ரொப்பல்லர், பேட்டரி சார்ஜ் பண்ற வசதி. காசு கொடுக்கும் முன்னாடி டேப் எடுத்துக்கிட்டுப் படகுக்குப் போங்க, அணியத்தில் ஒரு நண்பரை நிற்க வச்சு அளங்க. 9.9-க்கும் இதுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நல்ல பிராக்கெட் ஒண்ணும் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிடுங்க. கில் ஸ்விட்ச் கயிற்றைக் கையில் மாட்டாம இன்ஜினை இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.