விற்பனைக் கட்டளையும் கணனியும்

பொருளைச் செய்வோன் ஒருவன். அதனைக் கொள்வோன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே முதலிற் பிறப்பது பொருளன்று, வாக்கேயாம். இன்ன பொருளை, இத்துணை எண்ணிக்கையில், இன்ன விலைக்கு, இன்ன நாளில் தருவேன் என ஒருவன் உரைக்க, மற்றவன் அதனை ஏற்கின்றான். இவ்வாக்கின் எழுத்துருவமே வணிகத்தில் விற்பனைக் கட்டளை எனப்படுவது. கொள்வோன் அனுப்பும்பொழுது அது கொள்வனவுக் கட்டளை. உற்பத்தியாளன் அதனை ஏற்றுத் தன் ஏட்டிற் பதியும்பொழுது அதுவே விற்பனைக் கட்டளையாகின்றது.

கடை வணிகன் தட்டைத் திரும்பிப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என விடை கூறிவிடலாம். உற்பத்தியாளன் நிலை அன்னதன்று. அவன் பெரும்பாலும் இன்னும் பிறவாத பொருளை விற்கின்றான். சவர்க்காரம் போன்றவற்றை முன்னரே செய்து களஞ்சியத்தில் வைத்து விற்கலாம். சில பொருள்களுக்கு உறுப்புக்களை மட்டும் ஆயத்தமாக வைத்திருந்து, கட்டளை வந்தபின் பொருத்திக் கொடுக்கலாம். கப்பல் போன்றவற்றையோ கட்டளை வந்த பின்னரே செய்யத் தொடங்கலாம். இம்மூவகையில் எவ்வகையாயினும், எப்பொழுது கிடைக்கும் என்னும் வினாவுக்கு மெய்யான விடை கூறுவதே அரிய செயலாகும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 120 நாற்காலிகள் இருப்பில் உள்ளன. வாடிக்கையாளர் ஒருவர் 130 நாற்காலிகளை 14 நாளிற் கேட்கின்றார். 120 கையில் உள்ளன, எஞ்சிய 10ஐ விரைவிற் செய்துவிடலாம் என எண்ணுவது இயல்பு. ஆனால், அவற்றுள் 90 ஏற்கெனவே பிறருக்கு வாக்களிக்கப்பட்டவை. ஆகவே வாக்களித்தற்கு உரியவை 30 மட்டுமே. கண்ணாற் காணும் இருப்பு வேறு. வாக்களித்தற்குரிய இருப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே ஒரே பொருளை இருவருக்கு விற்கும் இழுக்கு நேர்கின்றது.

எஞ்சிய 100 நாற்காலிகளைச் செய்தல் வேண்டும். நாற்காலி ஒன்றுக்குக் கால்கள் 4; எனவே 400 கால்கள் தேவை. களஞ்சியத்தில் 150 கால்கள் உள. ஏனைய உறுப்புக்கள் போதிய அளவில் உள எனக் கொள்வோம். குறைவாயுள்ள 250 கால்களுக்கு மரம் வந்து சேர 10 நாள், கடைந்தெடுக்க 4 நாள், பொருத்தி முடிக்க 3 நாள், ஆக 17 நாள் வேண்டும். 14 நாளில் முழுத்தொகையும் தருவேன் என்பது அப்பொழுதே பொய்யாகிவிட்ட வாக்கு. ஆயினும் முற்றாக மறுக்கவேண்டியதில்லை. 30 நாற்காலிகளை உடனே அனுப்பலாம். இருக்கும் கால்களைக் கொண்டு 37 நாற்காலிகளை 3 நாளிற் பொருத்தலாம். மிகுதி 63ஐயும் 17ஆம் நாளில் தரலாம். இவ்வாறு கூறும் உற்பத்தியாளனிடத்து வாடிக்கையாளர் மனத்தாங்கல் கொள்ளினும் நம்பிக்கை இழக்கமாட்டார்.

ஒரு பொருளுக்கு இக்கணக்கு எளிது. ஆயிரக்கணக்கான உறுப்புக்களும் நூற்றுக்கணக்கான கட்டளைகளும் உள்ளவிடத்து ஏடும் எழுதுகோலும் போதா. இதற்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் ஐ.பி.எம். கம்பனியிற் பணியாற்றிய யோசேப்பு ஓர்லிக்கி என்பவர். நாற்காலிக்கு உள்ள தேவை வாடிக்கையாளர் விருப்பத்தால் எழுவது. காலுக்கு உள்ள தேவையோ நாற்காலியின் தேவையைச் சார்ந்து எழுவது. முன்னதை ஊகித்தல் வேண்டும். பின்னதைக் கணக்கிட்டே அறியலாம். இவ்வுண்மையை அடியாகக் கொண்ட பொருட்டேவைத் திட்டமிடல் என்னும் முறையை, அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் கம்பனி 1964இற் கையாண்டது. 1975இல் ஓர்லிக்கி இதனை நூலாக எழுதி வெளியிட்டார்.

காலப்போக்கிற் கணக்கியல், கொள்வனவு, விநியோகம் என்பனவும் இதனோடு இணைந்தன. ஜேர்மனியில் 1972இல் ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐவர் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இத்துறையிற் புகழ்பெற்றது. சுவீடனில் 1983இல் தோன்றிய ஐ.எவ்.எஸ். நிறுவனமும் இத்தகைய மென்பொருளை ஆக்குவதே. அதன் ஆக்கப்பணியிற் கணிசமான பங்கு கொழும்பிலே நடைபெறுவது நம் மாணவர் அறியத்தக்கது.

இம்மென்பொருளின் சிறப்பு, ஒருமுறை பதிந்ததை மறுமுறை பெயர்த்தெழுதாமையாகும். கட்டளை பதியப்பட்டதும் வாடிக்கையாளரின் கடன் எல்லை நோக்கப்படுகின்றது. இருப்பு அவர்பொருட்டு ஒதுக்கப்படுகின்றது. குறைவுக்கேற்ப உற்பத்திக் கட்டளையும் கொள்வனவுக் கட்டளையும் முன்மொழியப்படுகின்றன. பொருள் வெளியேறியதும் இருப்புக் குறைகின்றது, விலைப்பட்டியல் எழுகின்றது, பேரேட்டில் அவர் கடன்பட்டோராகின்றார். முன்னர் நான்கு மேசைகளில் நான்கு ஏடுகளாகக் கிடந்தவை ஒரே பதிவின் நான்கு முகங்களாகின்றன.

இச்சிறப்பே இதன் ஆபத்துமாம். ஓர் ஏட்டின் பிழை முன்னர் அவ்வேட்டோடு நின்றது. இன்று அது நொடிப்பொழுதில் எங்கும் பரவுகின்றது. அமெரிக்காவின் ஹேர்ஷி என்னும் சொக்கிளேற் கம்பனிக்கு 1999இல் நேர்ந்தது இதற்குச் சான்று. ஏறத்தாழ 112 மில்லியன் டொலர் செலவில் அக்கம்பனி புதிய மென்பொருள்களை நிறுவி, யூலை மாதத்திற் பழைய முறையிலிருந்து மாறியது. ஒக்டோபர் இறுதியில் வரும் ஹலோவீன் விழாவுக்கும் நத்தாருக்கும் உரிய கட்டளைகள் வந்து குவியும் பருவம் அது. களஞ்சியங்களில் இனிப்பு இருந்தும், ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் பெறுமதியான கட்டளைகளை உரிய காலத்தில் நிறைவேற்ற இயலவில்லை. அக்காலாண்டின் இலாபம் நூற்றுக்கு 19 வீதம் வீழ்ந்தது. பருவகால மிகுதியை வைத்திருந்த சில இடங்கள் புதிய முறையிற் களஞ்சியங்களாகப் பதியப்படாமையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. ஊழியர் அறிந்திருந்ததைக் கணனி அறியவில்லை. மனிதர் நினைவில் மட்டும் வாழும் அறிவு, ஏட்டில் ஏறாதவரை, மென்பொருளுக்கு இல்லாததே.

ஆகவே, நல்ல மென்பொருளை வாங்கியமை கொண்டு நல்ல நிருவாகம் அமைந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. களஞ்சியக் காப்பாளர் உடைந்த 10 கால்களைப் பதியாது விடின், கணனி அவற்றையும் நல்லனவாகவே எண்ணும். விற்பனையாளர் தரகுப்பணம் கருதி இயலாத நாளைக் குறிப்பின், அதன் சுமை பட்டறைத் தொழிலாளியின் இரவு வேலையாக விடியும். அல்லது காத்திருக்கும் வாடிக்கையாளரின் இழப்பாக முடியும். கணனி கூட்டிக் கழிக்கும். வாய்மையைத் தானாகப் படைக்காது. அளிக்கும் வாக்கை நிறைவேற்ற இயலுமா என முன்னறிவிப்பதே அதன் பணி. இயலாதபொழுது இயலாதெனக் கூறும் துணிவு வணிகனிடத்தே இருத்தல் வேண்டும். வணிகவியல் பயிலும் மாணவர் பேரேட்டின் நிரல்களோடு இதனையும் கற்பாராயின் அக்கல்வி நிறைவுறும்.