அலுமினியச் சக்கரத்திற்கு மறுமெருகு

புனே நகரின் மேற்கே முள்ஷி வட்டத்தில் அமைந்த ஹிஞ்சேவாடி, ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவினால் இன்று பெயர் பெற்று விளங்குகிறது. அங்குப் பணியேற்று வந்த தமிழ் மக்களுள், சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓட்டிய மோட்டார்க் காரையே உடன் கொண்டு வந்தவர்களும் உளர். அத்தகைய வண்டிகளின் அலுமினியச் சக்கரங்களில் வெண்பொடி பூத்து, ஊசியால் குத்தினாற்போன்ற சிறு குழிகள் விழுந்திருப்பதைக் காணலாம். அவற்றைப் போக்கி மீண்டும் மெருகேற்றும் முறை யாது, எவ்விடத்தில் நாம் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

அலுமினியம் நமக்குப் புதிதன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1960-களில் தொடங்கி 2008 வரை இவ்வுலோகம் உருக்கி எடுக்கப்பட்டது. ஆயினும் சோற்றுப் பானைக்குரிய அலுமினியம் வேறு, சக்கரத்திற்குரியது வேறு. சக்கரம் வார்க்கும் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு சிலிக்கனும், ஒரு பங்கில் மூன்றிலொரு பகுதியளவு மக்னீசியமும் சேர்கின்றன. வார்த்தபின் அதனைச் சுமார் 540 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்து, நீரில் விரைந்து குளிர்வித்து, மறுபடியும் சுமார் 155 டிகிரியில் பல மணி நேரம் பதப்படுத்துவர். சக்கரத்தின் வலிமை பெரும்பாலும் இப்பதத்தையே சார்ந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரும்பின் துரு பொடிந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் மேலும் துரு ஏறும். அலுமினியமோ காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொண்டு, அதனால் தன்னைக் காத்துக்கொள்கிறது. கடற்காற்றிலும் உவர்நீரிலும் உள்ள குளோரைடு இப்படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துளைத்த புள்ளியில் அரிப்பு ஆழமாக இறங்குகிறது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் ஈரத்துடன் படிந்தால் கேடு மிகும். ஆலையில் பூசிய நிறமற்ற லாக்கர் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், ஈரம் அதன் வழியே புகுந்து, பூச்சின் அடியில் புழு ஊர்ந்தாற்போலப் பரவும். ஆதலின் சென்னைக் கடற்கரையில் விழுந்த வித்து, ஹிஞ்சேவாடியின் பருவமழையில் முளைப்பதும் உண்டு.

குத்துவிளக்கைப் புளியும் உப்பும் இட்டுத் துலக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. பித்தளைக்கு அது தகும். அலுமினியச் சக்கரத்திற்கு ஆகாது. அவ்வுப்பே குளோரைடு, குழியில் தங்கி அரிப்பை வளர்க்கும். சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் படலத்தைக் கரைத்து உலோகத்தைக் கறுக்கச் செய்யும். கடைகளில் விற்கும் சில சக்கரக் கழுவிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ந்திருக்கும். அது தோலினூடே இறங்கி எலும்பையும் தாக்கவல்லது. அதனைத் தொடாதிருத்தலே நன்று.

இனிச் செய்முறையைக் கூறுவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளின் மேல் இருத்திய பின்னரே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மிதமான சோப்பு நீரால் கழுவி உலர்த்திப் பார்க்க வேண்டும். முகத்தில் இசைத்தட்டின் வரிகள் போன்ற நுண்கோடுகள் தெரிந்தால், அது லேத்தில் கடைந்த சக்கரம். கையால் தேய்த்தால் அக்கோடுகள் அழிந்துபோகும். அதனைப் பட்டறையில்தான் மீண்டும் கடைய வேண்டும். அதுவும் சில முறைகளே இயலும்.

மற்றவற்றில் பழைய பூச்சைப் பெயிண்ட் ரிமூவரால் நீக்குக. கையுறை அணிந்து, திறந்த வெளியில் இதனைச் செய்தல் வேண்டும். பின்னர் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கலாம். குழி ஆழமாயின் 320 எண்ணில் தொடங்கி, 400, 600, 800, 1000, 1500, 2000 எனப் படிப்படியாக ஏறுக. ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காகச் செலுத்தினால், பழைய கீறல் மறைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும். மறையாமல் அடுத்த எண்ணுக்குச் செல்லலாகாது. இறுதியில் மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் தோய்த்துத் தேய்த்தால் கறுப்புச் சாந்து எழும். அதைத் துடைக்கத் துடைக்க ஒளி பிறக்கும். ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போக்கி, லாக்கரோ மெழுகோ பூசுதல் இன்றியமையாதது. பூச்சின்றி விட்டால் மறு மழைக்குள் மங்கிப்போகும்.

நீரில் நனைத்தே தேய்க்குமாறு கூறியதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் கலந்தால் எளிதில் தீப்பற்றி வெடிக்கவல்லது. இரும்பைச் சாணை பிடிக்கும் இடத்தருகே அபாயம் இன்னும் மிகுதி.

இனி, கையை நிறுத்த வேண்டிய இடங்கள். நட்டு அமரும் குழிவும், டயர் விளிம்பு பொருந்தும் ஓரமும் நாம் தேய்க்கத் தகாதவை. முன்னதில் உலோகம் குறைந்தால் நட்டு தளரும். பின்னதில் குறைந்தால் காற்று கசியும். சாலைக் குழியில் மோதி வளைந்த சக்கரத்தையும், ஆரத்தின் அடியில் மயிரிழை வெடிப்புள்ள சக்கரத்தையும் மெருகிட்டு மறைத்தல் பெருந்தீங்காகும். செந்நிறச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெண்பொடி தூவினால் வெடிப்பு சிவந்த கோடாகத் தோன்றும். இச்சோதனையைப் பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ளலாம். விளக்குச் சுவாலையால் சூடேற்றி வளைவு நிமிர்த்துவதும், வெடிப்பை வெல்டு வைப்பதும் முன்னர்க் கூறிய பதத்தைக் கெடுத்து வலிமையைக் குறைக்கும். புதிய சக்கரங்கள் சுமைச் சோர்வு, திருப்பச் சோர்வு, மோதல் ஆகிய சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. பட்டறையில் ஒட்டிய சக்கரத்திற்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை.

பொங்கலுக்குக் குடும்பத்துடன் பெங்களூர் வழியே ஊர் செல்வோர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் இச்சக்கரங்களையே நம்பிச் செல்கின்றனர். ஆதலின் கழற்றிய சக்கரத்தை மாட்டுங்கால் நட்டுகளை எதிரெதிராக, வண்டிக்கு விதித்த அளவில் முடுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுமுறை சரிபார்த்துக்கொள்வோமாக. வெடிப்பு உண்டோ என்னும் ஐயம் எழுமாயின், மெருகை மறந்து புதுச் சக்கரம் வாங்குவதே அறிவுடைமை.