பாடநூலும் வாசிப்பும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கோடிட்ட வரிகளை மீண்டும் மீண்டும் படிப்பதையே நம்மிற் பலர் கற்றல் எனக் கொள்கின்றோம். 2006இல் அமெரிக்க உளவியலாளர் றோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு இக்கொள்கையை அசைத்தது. 5 நிமிடத்தின் பின் சோதித்தபோது மீளப் படித்தோர் முந்தினர்; ஒரு வாரத்தின் பின்னரோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே முந்தினர்.

திருகோணமலையிற் புவியியல் பயிலும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அது இயற்கைத் துறைமுகம் என்று அவர் ஒப்புவிப்பார். ஏன் என வினவி, நூலை மூடி, கொட்டியாரக் குடாவை வரைந்து பார்க்கட்டும். நிலமுனைகள் அலையைத் தடுக்கின்றன. கடலடிப் பள்ளத்தாக்கு குடாவுக்கு ஆழம் தருகின்றது. அவ்வாறாயின், வண்டல் சுமந்துவரும் மகாவலி இக்குடாவிற் கலந்தும் துறைமுகம் தூர்ந்துபோகாதது ஏன்? அவ்வினாவோடு நூலை மறுபடி திறக்கும்போதே மெய்யான வாசிப்புத் தொடங்குகின்றது.

நூல் ஆங்கிலத்தில் இருப்பினும் விடையைத் தமிழில் எழுதிப் பார்த்தல் நன்று. இந்நகரிற் கல்விப்பணியாற்றிய விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தமையை இங்கு நினைவுகூர்தல் தகும். சொந்த மொழியில் விளக்க இயலாததை நாம் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.