புகை படியும் ஏரித் தண்ணீர்: கீரைக்குப் பாய்ச்சலாமா?

‘ஏரியை ஒட்டிக் கிணறு இருக்கிறது. குப்பை எரியும் புகையெல்லாம் ஏரி மேல்தான் படிகிறது. அந்தத் தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்சலாமா?’ தாம்பரம் பக்கத்து விவசாயிகளின் கேள்வி இது.

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் கடைசியில் சேருமிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். பெருங்குடி குப்பைக்கிடங்கு இருப்பதும் அதே சதுப்பில்தான். அதே 2022 ஏப்ரலில் கிடங்கு பல நாட்கள் எரிந்தது.

புகை தண்ணீரை என்ன செய்யும்? இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில், மான்செஸ்டர் ஆலைகளின் கந்தகப் புகையால் ஸ்பாக்னம் பாசி பெரும்பகுதி அழிந்தது. நம் நர்சரிகளில் ஆர்க்கிட் தொட்டியில் வைப்பார்களே, அதே இனம்தான். அதற்கு வேர் இல்லை. மழை கொண்டுவருவதே உணவு. மழை அமிலமானால் தப்ப வழியில்லை.

நம் ஏரிகள் அப்படியல்ல. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் தூசியும் அமிலத்தைப் பெரும்பாலும் முறித்துவிடும். ஆகவே பி.ஹெச். அளவு சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைய வேண்டாம். இங்கே வம்பு வேறு. புகையில் வரும் தழைச்சத்து கொஞ்சம்தான். சாக்கடையில் வருவதோ ஏராளம். இரண்டும் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். அது மூடிய தண்ணீரில் வெயில் இறங்காது, ஆம்பலும் அடிநீர்ச் செடிகளும் ஒடுங்கும். கரையோரம் சம்பு மட்டும் செழிக்கும். பிராணவாயு தீர்ந்த அடிச்சேற்றில், புகையும் சாக்கடையும் தந்த கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாகக் கிளம்பும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் பிராணவாயு இல்லாததால்தான்.

குப்பைப் புகையின் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் உண்டு. அவை மக்குவதில்லை, சேற்றில் தங்கும், ஆகாயத்தாமரை வேரிலும் ஏறும். இப்படிப்பட்ட ஏரியில் வாரிய ஆகாயத்தாமரையை மட்கு உரமாக்கிக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். தூர்வாரிய வண்டலுக்கும் இதே எச்சரிக்கை, இலவசமாகக் கிடைத்தாலும்.

கிணற்று நீரை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். கீரை போடுபவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது. உலோகம் கூடுதலாக இருந்தால் அந்தத் தண்ணீரில் கீரையை விட்டுவிட்டுப் பூச்செடிக்கு மாறலாம். அக்கம்பக்கத்தில் குப்பை எரிந்த நாட்களில் பறித்த கீரையை, கரி படிந்திருக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சந்தைக்கு அனுப்புங்கள்.