கட்டைகளும் கோடுகளும்: தன்ராஜ் மாஸ்டரை முன்வைத்து

ஆசிரியரைப் பற்றிப் பேச வந்தால் நமக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, காலில் விழுவது. மற்றொன்று, துரோணரையும் ஏகலைவனையும் இழுத்துவந்து கட்டைவிரலுக்குக் கணக்குக் கேட்பது. இரண்டுக்கும் நடுவில், தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு 'போய்ப் பொழப்பப் பாரு' என்று அனுப்பிவைக்கும் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேச நம் விமர்சனத்திடம் சொல் இல்லை. குரு என்றால் பரம்பரை உண்டு, சீடர் வரிசை உண்டு. மாஸ்டர் என்றால் என்ன உண்டு?

சென்னை மயிலாப்பூரில், லஸ் பக்கம், ஒரு லாட்ஜ் அறையில் பியானோவும் மேற்கத்திய இசையின் எழுத்து முறையும் சொல்லிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். இளையராஜா அவரிடம் கற்றார். ஒரு தலைமுறை தள்ளி ஏ.ஆர்.ரஹ்மானும் கற்றார். தமிழர் காதில் அரை நூற்றாண்டாக விழும் ஓசையில் பெரும்பகுதி அந்த அறை வழியாக வந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனாலும் அவர் இன்று நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மாணவர்களின் நினைவு வழியாகத்தான். இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. அந்த அறையில் கைமாறியது எது, அது ஏன் இன்னும் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

1

செஞ்சியில் பியானோவைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அதன் கட்டைகளை அறியாதவர் இல்லை. மேலச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவுக்குக் கூத்து கட்டும்போது ஆர்மோனியக்காரரைப் பார்த்து 'எத்தனை கட்டை?' என்றுதான் கேட்பார்கள். ஒரு கட்டை, ரெண்டு கட்டை, அஞ்சு கட்டை என்று குரலின் உயரத்தையே நாம் ஆர்மோனியத்தின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளால்தான் அளக்கிறோம். 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி, வங்காளத்தில் உருமாறிக் கைப்பெட்டியாகி, நாடகக் கொட்டகை வழியாகக் கூத்து மேடைக்கு வந்து சேர்ந்தது. சாஸ்திரம் அறிந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கமகம் வராது, நம் சுருதிக்கு ஆகாது என்று வாதிட்டார்கள். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தே வைத்திருந்தது. வானொலி நிலையத்துக்குள் விடாத பெட்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

இளையராஜாவின் தொடக்கமும் அந்தப் பெட்டிதான். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த பண்ணைப்புரத்து இளைஞனின் விரல்கள் ஏற்கெனவே கட்டைகளை அறிந்திருந்தன. 1968 வாக்கில் சென்னை வந்தபோது வயது இருபத்தைந்து. பியானோவை ஆறேழு வயதில் தொடங்க வேண்டும் என்பது மேட்டுக்குடி வழக்கம். அந்தக் கணக்கில் இவர் தாமதமாக வந்தவர்.

அப்படியானால் மாஸ்டர் புதிதாகக் கொடுத்தது எது? சின்ன விஷயம்போலத் தெரியும்: இடது கை. கைப்பெட்டியில் இடது கை துருத்தியைத் தள்ளும், வலது கை மெட்டைப் பிடிக்கும். காலால் மிதிக்கும் பெட்டியில் இரண்டு கையும் சும்மா கிடைத்தாலும் பெரும்பாலும் இரண்டும் ஒரே மெட்டின் பின்னால்தான் ஓடும். பியானோவில் அப்படி இல்லை. இடது கை ஒன்றைச் சொல்லும்போது வலது கை வேறொன்றைச் சொல்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பணிவதும் இல்லை, ஒன்றையொன்று அழிப்பதும் இல்லை. பாஹ் 1723இல் தொகுத்த இரண்டு குரல் பாடங்கள் இந்தப் பழக்கத்துக்காகவே எழுதப்பட்டவை. பாஹும் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2

இரண்டாவது விஷயம் எழுத்து. ச ரி க ம என்று எழுதுவது நம்மிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது ஒரு குரலின் நடையை இடமிருந்து வலமாக எழுதுகிறது. ஐந்து கோட்டு எழுத்தோ மேலிருந்து கீழாகவும் வாசிக்கப்படுகிறது. இந்த நொடியில் வயலின் என்ன செய்கிறது, செலோ என்ன செய்கிறது, குழல் எங்கே மௌனமாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நாற்பது பேர் வாசிப்பதை ஒருவர் தனியாக உட்கார்ந்து தாளில் கேட்க முடியும்.

இந்த எழுத்தை நம் இசைக்குக் கொண்டுவரும் முயற்சி புதிதல்ல. சென்னையில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்திலேயே கர்நாடக இசைக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிமுறையில் அச்சிட்டார். கமகத்தை அந்தக் கோடுகளுக்குள் முழுசாக அடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பல குரல்களை ஒன்றாகக் கட்டி நிறுத்துவதற்கு அதைவிட வசதியான கருவி நம் கையில் இருக்கவில்லை.

சினிமா இசைக்கூடத்தில் இது அதிகாரப் பிரச்சினையாகவும் இருந்தது. மெட்டு போடுகிறவர் ஒருவர், அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுகிறவர் இன்னொருவர் என்பது பொதுவான ஏற்பாடு. கோட்டு எழுத்து தெரிந்தவன் கையில் சாவி. 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தவர் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தார். கருவியைத் தொடாமலே தாளில் முழுக்க எழுதி வாசிப்பவர்களிடம் கொடுத்தார். தெம்மாங்கு தெரிந்தவருக்கு எழுத்தும் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. நாட்டுப்புறம் அங்கே 'மூலப்பொருள்' ஆகவில்லை, தன்னைத் தானே எழுதிக்கொண்டது.

3

பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில் பிரெஞ்சு மக்களின் ரசனையை ஆராயும்போது, உயர் ரசனைக்கு அடையாளமாகப் பாஹின் விசைக்கருவித் தொகுப்பு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார். வீட்டில் பியானோ இருந்து, அம்மா வாசித்து, பிள்ளை கேட்டு வளர்வது பண்பாட்டு மூலதனம். பரம்பரைச் சொத்துபோல அது சத்தமில்லாமல் கைமாறும். அதே பாஹ் நம்மூரில் லாட்ஜ் அறையில், பரம்பரைச் சொத்து ஏதும் இல்லாத ஒருவர் கைக்கு மாறுகிறார். பூர்தியுவின் கோட்பாடு பொய்யாகிவிடவில்லை, ஆனால் அதில் ஒரு கதவு திறக்கிறது.

கதவு ஏன் லாட்ஜில் திறந்தது? குருகுலம் என்பது குருவின் வீடு. வீடு என்றால் திண்ணை, கூடம், கிணறு, அடுப்பங்கரை. யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி முன்னமே தீர்மானித்துவிடும். லாட்ஜ் அறைக்கு அடுப்பங்கரை கிடையாது. பின்னாளில் இளையராஜா டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை கற்றார். தனிமனிதர்கள் கதவைத் திறப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் பேசுவது இடத்தின் தன்மையைப் பற்றி. தனிப்பாடத்துக்கும் குறை உண்டு. காசும் நேரமும் இல்லாதவருக்கு அதுவும் சுவர்தான். ஆனால் அது பிறப்பைக் கேட்டுக் கட்டப்பட்ட சுவர் இல்லை.

4

செல்வாக்கு என்றதும் நாம் சாயலைத் தேடுகிறோம். யாருடைய நடை யாரிடம் தெரிகிறது என்று தடயம் பார்ப்பது நம் விமர்சகர்களின் பழைய பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. ஒரே மாஸ்டரிடம் கற்ற இருவரின் இசையும் ஒன்றுபோல் இல்லை. ஒருவர் தாளில் எழுதி முடித்துவிட்டு ஒலிப்பதிவுக்குப் போகிறவர். மற்றவர் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே வாழ்ந்து, ஓசையின் மேல் ஓசையாக அடுக்கி, எதை வைப்பது எதை நீக்குவது என்று பிறகு முடிவெடுக்கிறவர். மாஸ்டரின் சாயல் இருவரிடமும் இல்லை. இருப்பது கருவி. நல்ல ஆசிரியர் தன் கையெழுத்தைக் கொடுப்பதில்லை, எழுத்தைக் கொடுக்கிறார். கையெழுத்தைக் கொடுத்தால் நகல் வரும், எழுத்தைக் கொடுத்தால் எதிர்ப்பேச்சும் வரும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் கைத்தடம் வெளிப்படையாக இருக்கிறது. 'ராசய்யா'வை 'ராஜா' என்று கூப்பிட்டவர் தன்ராஜ் மாஸ்டர் என்று இளையராஜாவே சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருந்ததால் 'இளைய' என்பதைப் பஞ்சு அருணாசலம் முன்னால் சேர்த்தார். நாடு முழுக்க உச்சரிக்கும் பெயரில் பாதி ஒரு வாத்தியார் வைத்தது. அதை யாரும் நினைத்துக்கொண்டு உச்சரிப்பதில்லை. செல்வாக்கு நிலைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் எனலாம்.

1986இல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பித்து வந்த தொகுப்பையும், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய சிம்பொனியையும் நாம் 'தமிழனின் வெற்றி' என்று கொண்டாடி முடித்துவிட்டோம். மேதை வானத்திலிருந்து குதித்தார் என்பது சுகமான கதையாடல். அதில் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை அல்லவா? மாஸ்டரை நடுவில் கொண்டுவந்தால் கேள்வி நம் பக்கம் திரும்பும்: இன்றைக்கு யாருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ரஹ்மான் 2008இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கினார். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு டிரினிட்டி தேர்வு இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் விழுப்புரம் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மாவட்ட இசைப்பள்ளிகளின் முக்கியப் பாடங்கள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஐந்து கோட்டை வாசிக்கக் கற்றுத்தரும் ஏற்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. செஞ்சியில் கீபோர்டு வாங்கலாம். போனில் பார்த்து நாலு பாட்டு வாசிக்கவும் செய்யலாம். எழுத மட்டும் முடியாது.

கூத்து வாத்தியாரின் நினைவாற்றல் எழுத்தைவிடத் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. விடிய விடிய பாரதத்தை வாயில் வைத்திருப்பவருக்கு எழுத்து இல்லாதது குறையே அல்ல. ஆனால் அவருடைய மெட்டை எடுத்து எழுதுகிறவர் எப்போதும் வேறொருவராகவே இருப்பது குறை. பறையடிக்கிற பையன் தன் அடியைத் தானே தாளில் போட்டு, பக்கத்தில் ஒரு வயலினையும் நிறுத்தி, 'இப்படி வாசிங்க' என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு மாளிகையும் வேண்டாம், மன்றமும் வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, பழைய கீபோர்டு ஒன்று, 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்காத ஒரு மாஸ்டர் போதும். மனு எழுதுகிற தோழர்கள் இதையும் ஒரு கோரிக்கையாக எழுதலாம்.